பிரிட்டன் விசா இருந்தும் திருவனந்தபுரத்தில் அம்மாவை விமானத்தில் ஏற்றவில்லை. பணம் திரும்புமா, இனி எப்படி அனுப்புவது?

பாளை மலர் | 2025 செப்டம்பர்

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என் தங்கை மான்செஸ்டர் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அக்டோபர் கடைசியில் அவளுக்குப் பிரசவம், தலைப்பிரசவம். அவளால் ஊருக்கு வர முடியாது என்பதால் அம்மா அங்கே போய் இருப்பதாக முடிவு செய்தோம். அம்மாவுக்கு 64 வயது, சேரன்மகாதேவியில் இருக்கிறார். இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆறு மாத பிரிட்டன் விசிட்டர் விசா எந்தத் தொந்தரவும் இல்லாமல் வந்துவிட்டது.

டிக்கெட் எடுத்தது பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு டிராவல்ஸில். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி, அங்கிருந்து பிராங்பர்ட், பிறகு மான்செஸ்டர். திரும்பி வருவதும் அதே வழி, எல்லாம் ஒரே டிக்கெட். போக வர 78,000 ரூபாய். பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் விசா ஒட்டிய பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் அவர் டிக்கெட் போட்டார். அந்த மெசேஜ் எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் கார் வைத்து நாகர்கோவில், களியக்காவிளை வழியாகப் போனோம். பெட்டியை எடை போட்டாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார், திரும்பத் தட்டினார், பிறகு எழுந்து போய் ஒரு மேலதிகாரியைக் கூட்டி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஜெர்மனி டிரான்சிட் விசா எங்கே?" அம்மா ஜெர்மனிக்குப் போகவில்லை, பிராங்பர்ட்டில் விமானம் மட்டும்தான் மாறுகிறார், ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரவே மாட்டார் என்று எவ்வளவோ சொன்னேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கும் விசா வேண்டும், பிரிட்டன் விசா அதற்குச் செல்லாது என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. அம்மா அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன் பாஸ்போர்ட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வேதனை.

டிராவல்ஸில் கேட்டால் "விசா எல்லாம் பயணியின் பொறுப்பு, நோ-ஷோ (டிக்கெட் இருந்தும் ஏறாதது) ஆகிவிட்டது, ஒன்றும் வராது" என்கிறார்கள்.

ஏர்லைன்ஸ் செய்தது சட்டப்படி சரிதானா? பணத்தில் எதையாவது மீட்க முடியுமா? பிரசவத்துக்கு முன்னால் அம்மாவை எந்த வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் வராது?

---

கடையநல்லூர் காஜா

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அவர்கள் பாஸ்போர்ட்டிலும் குற்றமில்லை, விசாவிலும் குற்றமில்லை. பிரிட்டன் விசா இன்றைக்கும் செல்லும். வேறு எந்த வழியாகப் போனாலும் அதே விசாவில் இறங்கலாம். கவுண்டரில் திருப்பி அனுப்பியதால் பாஸ்போர்ட்டில் எந்த முத்திரையும் விழாது. குடியேற்றத் துறை அவர்களை மறுக்கவில்லை. அவர்கள் அந்த அதிகாரி வரைக்கும் போகவே இல்லை.

நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டர் வேலையில் பல வருஷம் இருந்தவன். அந்தப் பக்கம் உட்கார்ந்து "ஏற முடியாது" என்று சொன்ன ஆள் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் தட்டிப் பார்த்தது டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பை. ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்களின் சங்கம் நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், கையில் என்ன விசா, எங்கே மாறி எங்கே போகிறார் என்று கொடுத்தால், ஏற்றலாமா கூடாதா என்று திரையில் வந்துவிடும். கூடாது என்று வந்த பிறகு ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்துக்கு. 2001-இல் வந்த ஓர் ஐரோப்பிய உத்தரவின்படி அது ஆளுக்கு 3,000 யூரோ, 5,000 யூரோ என்ற கணக்கில் போகும். பிரிட்டனும் சரியான தாள் இல்லாமல் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால் 2,000 பவுண்டு போடுகிறது. அபராதத்துக்கு மேல், அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அவர்களுடையது. அதனால் கவுண்டரில் அழுதாலும் சண்டை போட்டாலும் திரையில் வந்தது மாறாது. அங்கே இருப்பவருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

இப்போது ஜெர்மனி விஷயம். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், ஏர்போர்ட் டிரான்சிட் விசா என்று தனியாக ஒன்று உண்டு, ஏ வகை என்பார்கள். வெளியே வராமல் அடுத்த விமானத்துக்கு நடந்து போவதற்கு மட்டும். எந்தெந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு இது வேண்டும் என்று எல்லா ஷெங்கன் நாடுகளும் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் 12 நாடுகள். அதில் இந்தியா இல்லை. இலங்கை இருக்கிறது. நம் பக்கத்தில் இலங்கைப் பாஸ்போர்ட்டுடன் இருக்கும் சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொதுப் பட்டியலுக்கு மேல் ஒவ்வொரு நாடும் தனியாகச் சில நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 2025-இல் ஜெர்மனி இந்தியாவைச் சேர்த்து வைத்திருந்தது, பிரான்சும் அப்படியே.

இதிலும் விலக்கு உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா, கனடா விசா, ஜப்பான் விசா, ஐரோப்பிய ஒன்றிய நாட்டு விசா இருந்தால் டிரான்சிட் விசா கேட்க மாட்டார்கள். உங்கள் அம்மா டொராண்டோவுக்கோ சிகாகோவுக்கோ போயிருந்தால் இதே பிராங்பர்ட்டில் நிம்மதியாக மாறியிருப்பார். பிரிட்டனும் அந்த விலக்கில் இருந்ததுதான். ஒன்றியத்தை விட்டு வெளியேறி, 2020 டிசம்பரோடு இடைக்காலமும் முடிந்த பிறகு பிரிட்டன் விசாவுக்கு அந்த மதிப்பு போய்விட்டது. முன்பு அதே வழியில் போய் வந்தவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். "நாங்கள் போனோமே, ஒன்றும் கேட்கவில்லையே" என்று அவர்கள் சொல்வது அந்தக் காலத்துக்கு உண்மை. அதை நம்பி டிக்கெட் போட்டுவிட்டுக் கவுண்டரில் மாட்டுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இதில் எனக்கு மனசு ஆறாதது டிராவல்ஸ் விஷயம்தான். பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கின்றன, வழியும் அவரே தேர்ந்தெடுத்தது. டைமேட்டிக்கில் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். டிக்கெட் விற்பவர்களின் கம்ப்யூட்டரிலேயே அது கிடைக்கும். ஐயாட்டா தளத்திலும் பல விமான நிறுவனங்களின் தளங்களிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சேரன்மகாதேவியில் இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்கு ஷெங்கன் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்ப்பது? கமிஷன் வாங்குகிறவர் விலையைச் சொல்வதற்கு முன்னால் "எந்த நாட்டில் மாறுகிறோம், அதற்கு விசா வேண்டுமா" என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். என் கவுண்டருக்கு வந்து திரும்பிப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் வேறு யாரோ போட்டுக் கொடுத்த டிக்கெட்டோடு வந்தவர்கள்தான். தென்காசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகன் ஆன்லைனில் மலிவாகப் போட்ட டிக்கெட், இரண்டு தனித்தனி பி.என்.ஆர் (முன்பதிவு எண்). நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா இல்லை. தமிழில் அதை அவருக்கு நான்தான் விளக்கினேன். அவர் கோபப்படவே இல்லை. "சரிப்பா, உன் வேலையை நீ பாக்குற" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, இனி எப்படி அனுப்புவது?

ஜெர்மன் டிரான்சிட் விசா எடுத்து அதே வழியில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கும் 90 யூரோ, அப்பாயின்ட்மென்ட், சாதாரணமாக 15 நாள் வரை பரிசீலனை. பிரசவத் தேதியை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம். திரும்பி வரும்போதும் அதே வழி என்றால் அதற்கும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்தே துபாய், அபுதாபி, தோஹா மூன்றுக்கும் விமானம் இருக்கிறது. அந்த மூன்று ஊரிலிருந்தும் மான்செஸ்டருக்கு நேரே போகிறது. ஒரே டிக்கெட்டாக, உள்ளேயே விமானம் மாறினால் இந்தியர்களுக்கு அங்கே டிரான்சிட் விசா தேவையில்லை. அம்மாவுக்கு இதுதான் நல்லது. ஒரே தடவைதான் மாற வேண்டும், டெல்லி அலைச்சலும் கிடையாது. மாறுகிற இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி பார்த்து எடுங்கள். மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கு இண்டிகோ 2025 ஜூலையில் நேரடி விமானம் தொடங்கியிருக்கிறது, அதையும் பார்க்கலாம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரே போகும் விமானமும் இருக்கிறது, ஆனால் ஹீத்ரோவில் இறங்கி அங்கிருந்து மான்செஸ்டர் வரை தனியாகப் போவது அவர்களுக்குச் சிரமம். மாப்பிள்ளை லண்டன் வரை வந்து கூட்டிப் போவார் என்றால் மட்டும் யோசியுங்கள்.

---

கூடுதாழை அந்தோணி

மலர் அக்கா, எங்கள் கடற்கரை ஊர்களில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம், அதனால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்று தனியாக எதுவும் கிடையாது. மெக்சிகோவுக்கோ பனாமாவுக்கோ போகிறவர் மயாமியில் இரண்டு மணி நேரம் மாறினாலும் அமெரிக்க இமிகிரேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு சி-1 என்ற டிரான்சிட் விசா, கப்பல்காரர்களுக்கு சி-1/டி. கனடாவில் மாறினாலும் நமக்கு டிரான்சிட் விசா வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி டிக்கெட் அனுப்பியதும் பையன்கள் கிளம்பும் தேதியைத்தான் பார்க்கிறார்கள், நடுவில் எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கிறவர்களாவது பாருங்கள்.

காஜா அண்ணாச்சி, இரண்டு ஷெங்கன் ஊரில் மாறுகிற விஷயத்தையும் சொல்லிவிடுங்களேன்.

---

கடையநல்லூர் காஜா

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள் தம்பி. பிராங்பர்ட்டில் இறங்கி அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், அப்புறம் மான்செஸ்டர் என்று சில டிக்கெட்டுகள் வரும். பிராங்பர்ட்டிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போவது ஷெங்கனுக்குள்ளேயே பறக்கும் விமானம். அதில் ஏற பிராங்பர்ட்டிலேயே இமிகிரேஷன் தாண்ட வேண்டும். ஏ வகை டிரான்சிட் விசா அங்கே உதவாது, முழு ஷெங்கன் விசாவே வேண்டும். அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கும் இதில் விலக்கு கிடையாது. ஆன்லைனில் எல்லாவற்றுக்கும் கீழே விலை குறைந்ததாக வருவது பல நேரம் இந்த மாதிரி வழிதான்.

---

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் விமானத்தில் ஏற்ற மறுத்ததற்காக டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதியில் சொல்லியிருக்கும் இழப்பீடு, இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்றாமல் விடுவதற்கானது. பயண ஆவணம் போதவில்லை என்று மறுத்தால் அது பொருந்தாது. அந்த வழியில் விமான நிறுவனத்தின் மேல் போவது வீண்.

ஆனால் "ஒன்றும் வராது" என்று டிராவல்ஸில் சொன்னது அப்படியே சரியல்ல. டிக்கெட் விலையில் அடிப்படைக் கட்டணம் தனி, அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் தனி. பயணம் செய்யாத டிக்கெட்டுக்கு, அது நோ-ஷோ ஆகியிருந்தாலும், சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும், அந்த வரிகளையும் பயணிக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏவின் பணம் திருப்பும் விதி. முகவர் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. 2025-இல் இதற்கு 30 வேலை நாள் கெடு இருந்தது. டிக்கெட் வெளிநாட்டு நிறுவனத்துடையது என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி நடக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பாதிப் பயணத்தின் தேதி இன்னும் வரவில்லை அல்லவா? அதன் நிலை என்ன, ரத்து செய்தால் எவ்வளவு வரும் என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

அதே மின்னஞ்சலில், எந்தக் காரணத்தால் ஏற்ற மறுத்தார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள்.

டிராவல்ஸ் மேல் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, வழியை அவரே தேர்ந்தெடுத்து, கட்டணம் பெற்றுக்கொண்டு, டிரான்சிட் விசா பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடல்தான் இதில் முக்கிய ஆதாரம். அழிந்துவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். அவர் கொடுத்த டிக்கெட்டில் "விசா பயணியின் பொறுப்பு" என்று அச்சிட்டிருக்கலாம், அதையும் எதிர்தரப்பு காட்டும். அதனால் முழுத்தொகை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்காமலும் நடத்தலாம்.

இன்னொன்று, மற்றவர்களுக்காக. இப்படிக் கவுண்டரிலேயே பயணம் நின்றுவிட்டால், விமானம் கிளம்புவதற்கு முன்பே அங்கிருந்தே டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். கிளம்பிய பிறகு நோ-ஷோ, அதற்கு முன் ரத்து. பல டிக்கெட்டுகளில் திரும்ப வரும் தொகை இதனால் மாறும்.

---

பாளை மலர்

காஜா அண்ணாச்சி, வக்கீல் சார், அந்தோணி தம்பி, எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாஸ்போர்ட்டை வாங்கி அந்த விசா பக்கத்தைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்போ இது நல்லதுதானே" என்று கேட்டார்.

திருவனந்தபுரம், தோஹா, மான்செஸ்டர் என்று ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுத்துவிட்டோம். தோஹாவில் நாலு மணி நேரம் இடைவெளி. எடுப்பதற்கு முன் விமான நிறுவனத்தின் தளத்தில் பாஸ்போர்ட், விசா விவரம் கொடுத்துப் பார்த்தேன், டிரான்சிட் விசா வேண்டாம் என்று வந்தது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பழைய விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. நோட்டீஸ் அடுத்த வாரம் அனுப்புகிறோம்.

அம்மா தனியாகத் தோஹாவில் மாற வேண்டுமே, அதற்கு என்ன செய்யலாம்? இங்கிலீஷ் தெரியாது, இந்தியும் தெரியாது.

---

கடையநல்லூர் காஜா

வீல்சேர் உதவி கேட்டு இப்போதே டிக்கெட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் வயதை முன்னிட்டுக் கொடுப்பார்கள், தனிக் காசு கேட்க மாட்டார்கள். தோஹாவில் விமான வாசலில் ஆள் நிற்பார், அடுத்த கேட் வரை அவரே கொண்டுபோய் விடுவார். அங்கே மலையாளமும் தமிழும் பேசுகிற ஆட்கள் நிறைய உண்டு, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கவுண்டரில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மான்செஸ்டர் வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் அங்கேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையின் முகவரி, போன் நம்பர், எதற்காக வருகிறார், எப்போது திரும்புவார் என்பதை ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மான்செஸ்டர் இமிகிரேஷனில் கேட்டால் அதை நீட்டினால் போதும். மருத்துவமனையில் கொடுத்த பிரசவத் தேதிக் கடிதத்தின் நகலும் கூட இருக்கட்டும். மருந்து மாத்திரை எதுவானாலும் சீட்டோடு கைப்பையில், பெட்டியில் வேண்டாம்.